முப்பிடாதியின் நெஞ்சில் ஓடிய தெரு

ஐப்பசி மழையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, தெரு மொத்தமும் இருண்டு, ஆளாளுக்கு மெழுகுவர்த்தி தேடித் தட்டுத்தடுமாறி, கடைசியில் லைன்மேன் நனைந்துகொண்டே வந்து ஏதோ செய்து கரண்ட் திரும்பியபோது, எங்கள் தெருவில் எல்லோருடைய நெஞ்சும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை. தன் நெஞ்சு அடிப்பதையே மனுஷன் கவனிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரன் நெஞ்சை எங்கே போய்க் கவனிப்பான்.

முதலில் கண்டுபிடித்தது புதிதாகக் கல்யாணமான ஒரு சோடிதான். அதைக் காதல் என்று நினைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். அப்புறம் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்த சண்முகக்கனியைப் பார்க்க வந்த நர்ஸ், அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், அவள் மாமியார் மணிக்கட்டைப் பிடித்தாள், வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கையையும் பிடித்தாள். எல்லோருக்கும் ஒரே எண் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி உதறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளால் இரண்டு பேரைப் பிடித்துப் பார்த்தவள், முகம் வெளுத்து, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள்.

நாங்கள் சீரியல் செட்டுக்காரர்கள். நாங்குநேரிக்குத் தெற்கே எந்த ஊரில் கோயில் கொடை என்றாலும், எந்த மாதா கோயிலில் திருவிழா என்றாலும், பல்புச் சரத்தால் மயிலும் தேரும் சிங்கத்தின் மேல் அம்மனும் வரைந்து கம்பத்தில் ஏற்றுகிறவர்கள் நாங்கள்தான். ஆம்பளைகள் கம்பம் ஏறுவார்கள், பொம்பளைகள் சரம் கட்டுவார்கள். ஆகவே கரண்ட் விஷயத்தில் யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நாங்கள் நினைத்ததில் தப்பில்லை. சரத்துக்குச் சரம் மின்னுவதைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு ஒரு தெருவே ஒன்றாகத் துடிப்பது பெரிய அதிசயமாகவும் படவில்லை. ஒரு வாரம் பேசினோம், பிறகு டீக்கடையில் வேறு பேச்சு வந்துவிட்டது.

ஆனால் பயம் பிறகுதான் வந்தது, மெதுவாக, சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி. கம்பத்தில் மூச்சிரைக்க ஏறுகிறவனுக்கு நெஞ்சு வேகமெடுக்கவில்லை, பாதிக் கம்பத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சும்மா சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று நாய் துரத்தின மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வீறிட்டு எழுந்தன. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. காரணமே இல்லாமல் பயப்படுவதைப் போலக் கொடுமை கிடையாது. யாரோ ஒருவர் பயப்படுகிறார், அது எங்கள் எல்லோருக்கும் வந்து இடிக்கிறது, ஆனால் அது யார்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பார்த்த முகம் எல்லாம் பயந்த முகமாகவே இருந்தது.

ஆளைக் காட்டிக்கொடுத்தது உச்சிமாகாளியின் செல்போன். வள்ளியூர்ப் பக்கம் ஒரு கொடைக்குக் கம்பம் ஏறியவன் உச்சியில் கால் வழுக்கி, இடுப்புக் கயிற்றில் தொங்கி, எப்படியோ சமாளித்து இறங்கி வந்தான். சாவைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு நெஞ்சு கோயில் மணி மாதிரி நிதானமாக அடித்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவனுக்கே வெறுத்துப்போயிற்று. பெண்டாட்டி முப்பிடாதிக்குப் போன் போட்டு, "ஏட்டி, இன்னைக்குத் தப்பிச்சது மறுபிழைப்பு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், அவன் நெஞ்சு உதைத்தது, கீழே வயர் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உதைத்தது, அதே நேரத்தில் இங்கே தெருவில் கையில் இருந்த குடத்தையும் தட்டையும் போட்டுவிட்டுப் பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

முப்பிடாதி எங்களுக்கெல்லாம் மைனி, அண்ணி முறை. ஒல்லியான உடம்பு, பெரிய சிரிப்பு, யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு வந்து நிற்கிற குணம். புருஷன் கம்பம் ஏறுகிற ஒவ்வொரு ராத்திரியும் உட்கார்ந்தபடியே தூங்குகிறவள். எங்கள் எல்லோரிலும் வேகமாக அடிக்கிற நெஞ்சு அவளுடையதாகத்தான் இருக்க முடியும் என்பது தெரிந்த பிறகுதான் உறைத்தது. நான்தானா அது என்று கேட்கும்போதே அவளுக்குப் பயம் வந்துவிட்டது, எங்களுக்கும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஆதிலிங்கம் அண்ணாச்சி கூட்டம் போட்டார். தெருவில் பாதிப் பேர் வேலை பார்ப்பது அவருடைய லைட் செட்டில்தான், நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவரும் அவர்தான். பழைய சீரியல் சரம் ஒன்றை எடுத்து மேசையில் போட்டு, அதன் தலையில் இருந்த பல்பைத் தொட்டுக் காட்டினார். பிளிங்கர் பல்பு. சரத்தில் மற்ற பல்புகளுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, பிளிங்கர் கண்ணைச் சிமிட்டினால் எல்லாம் சிமிட்டும். பிளிங்கர் பீஸ் போய்விட்டால் சரமே இருண்டுவிடும்.

"சீரியல்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார் அண்ணாச்சி. "முப்பிடாதிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தெரு இருக்காது. சண்முகக்கனி வயித்துல கிடக்கே, அதுவும் இருக்காது."

அப்படியே நம்பினோம். எங்களுக்குத் தெரிந்த கரண்ட் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து நாங்கள் முப்பிடாதியைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்துக்கொண்டோம். உச்சிமாகாளி கம்பம் ஏறக்கூடாது என்றாயிற்று. தெருவுக்குள் ஹாரன் அடிக்கக்கூடாது, கார்த்திகைக்கு வெடி கூடாது, டிவியில் பேய்ப் படம் கூடாது, புருஷன் பெண்டாட்டி சண்டையைக் குசுகுசுவென்று போட வேண்டும். வீட்டுக்கு வீடு முறை வைத்து அவளுக்குச் சமைத்தோம், உப்பைக் குறைத்தோம், அவள் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ஓடிப்போய்ப் பிடுங்கினோம். சரம் கட்ட உட்கார்ந்தால், "நீங்க சும்மா இருங்க மைனி, நாங்க கட்டுதோம்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். இப்படி ஒருத்தியைத் தெருவே தாங்குவதைப் பார்த்த பக்கத்துத் தெருக்காரர்கள், என்ன ஒற்றுமை என்று எங்களை மெச்சினார்கள். எங்கள் பயத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் பாசத்தின் முகம் இருந்தது.

அவளோ நாளுக்கு நாள் பயந்துகொண்டே போனாள். வாசலுக்கு வந்தால் தெருவே வேலையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் படிக்கும். இருமினால் எட்டு வாசல் திறக்கும். "எல்லாரும் என்னய இப்படிப் பாத்தா எனக்குப் படபடன்னு வராதா?" என்று அழுவாள். அழுதால் எங்களுக்குப் படபடக்கும், நாங்கள் இன்னும் உற்றுப் பார்ப்போம், அவளுக்கு இன்னும் கூடும். மார்கழி பிறக்கும் முன்னே அவள் கால்கள் வீங்கிவிட்டன. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தாள். நெஞ்சு மட்டும் ஓடியது, ராவும் பகலும், அவளுக்குள்ளும் எங்களுக்குள்ளும், யார் துரத்துகிறார்கள் என்று தெரியாமலே ஓடிக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சியே காரில் கூட்டிப்போனார், வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளாத குறையாக. ரெஜினா டாக்டர் மார்பில் வயர்களை ஒட்டி, தாளில் ஓடிய கோட்டைப் பார்த்து, அவளுக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். நெஞ்சின் மேல் அறையில், வலது ஓரத்தில், கரண்ட் பிறக்கிற ஒரு சின்ன இடம் உண்டு. அங்கே பொறி தட்டும், மேல் அறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும், நடுவில் ஒரு வாசலில் அந்தப் பொறி ஒரு இமைப்பொழுது காத்து நிற்கும், கீழ் அறை நிரம்பட்டும் என்று நிற்கும், பிறகு கீழே பாய்ந்து ஓடும், கீழ் அறைகள் சுருங்கி உடம்புக்கெல்லாம் ரத்தத்தை அனுப்பும். இவ்வளவுதான் துடிப்பு. முப்பிடாதிக்குப் பொறி அந்த இடத்திலிருந்து கிளம்புவதில்லை. மேல் அறையிலேயே செக்கு மாடு மாதிரி வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிற வேகத்துக்குக் கீழ் அறையை அடிக்கிறது. இப்படியே விட்டால் சதை களைத்துப்போகும், ஒருநாள் நின்றுவிடும்.

"மயக்கம் குடுத்து வெளியில இருந்து ஒரு கரண்ட் குடுப்போம்மா. ஒரு நிமிஷம்கூட ஆகாது. எல்லாம் ஒரே நேரத்துல அமைதியாகும். அப்புறம் சரியான இடத்துல இருந்து அதுவாவே ஆரம்பிக்கும்."

"அந்த இடம் ஆரம்பிக்கலன்னா டாக்டர்?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"நாங்க பக்கத்துலயேதான் இருப்போம். இன்னொண்ணும் இருக்கும்மா. நெஞ்சுல ஒவ்வொரு இழைக்கும் சொந்தமா அடிக்கத் தெரியும். வேகமா போற ஒண்ணு முன்னால போனா மத்ததெல்லாம் அது பின்னால போகும், அவ்வளவுதான். முன்னால போறது நின்னா, அடுத்தது எழுந்து தன் வேகத்துக்கு நடக்க ஆரம்பிக்கும்."

கூட நின்ற அண்ணாச்சியின் காதில் 'எல்லாம் ஒரே நேரத்துல அமைதியாகும்' என்பதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. தெருவுக்கு வந்து அதை மட்டும்தான் சொன்னார். முப்பிடாதி மிச்சத்தைச் சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கிற நிலையில் இல்லை. மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிவிட்டு ஆன் பண்ணுவதா? ஆன் ஆகாவிட்டால்? ரேஷன் கடைக்கே ஒற்றுமையாகப் போகத் தெரியாத தெரு, அன்றைக்கு ஒரே குரலில் வேண்டாம் என்றது. உச்சிமாகாளியும் வாய் திறக்கவில்லை. அவன் நெஞ்சும் அந்தச் சரத்தில்தானே இருந்தது.

தை மாதத்தில் களக்காட்டில் இருந்த முப்பிடாதியின் அக்கா செத்துப்போனாள். செய்தி அண்ணாச்சியின் போனுக்குத்தான் வந்தது, ஏனென்றால் முப்பிடாதியின் போனை நாங்கள் எப்போதோ வாங்கி வைத்துக்கொண்டோம். அம்மையில்லாத பிள்ளையை எடுத்து வளர்த்த அக்கா. சொன்னால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்ல வேண்டாம் என்று முடிவானது. உச்சிமாகாளியும் ஆம்பளைகள் கொஞ்சப் பேரும் லைட் போடப் போகிறோம் என்று சொல்லி வேனில் ஏறிப் போய், கேதம் கேட்டு, சுடுகாடு வரை நடந்து, பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பினார்கள். எல்லாவற்றையும் யோசித்த அண்ணாச்சி ஒன்றை மறந்துபோனார். மறந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, அது கையும் காலும் தானாகச் செய்கிற காரியம். கேத வீட்டுக்குப் போய்வந்தவன் குளிக்காமல் வீட்டுப்படி ஏற மாட்டான்.

வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் ஒவ்வொருவராகத் தெருக்குழாய்க்குப் போனார்கள். உடுத்திய வேட்டியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரம் சொட்டச் சொட்ட அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசல்படியில் மூச்சுக்குத் தவித்து உட்கார்ந்திருந்த முப்பிடாதி, வரிசையாகத் தெருவில் போகிற ஈரத் தலைகளைப் பார்த்தாள். கடைசியாக வந்த உச்சிமாகாளி அவள் முன்னால் நின்றான். தாடியில் தண்ணீர் சொட்டியது.

"யாரு?" என்று கேட்டாள்.

அவன் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தான்.

"அக்காளா?"

நாங்கள் எல்லோரும் சுவரையும் கதவையும் பிடித்துக்கொண்டோம். இடி விழுகிற மாதிரி வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். அப்படி வரவில்லை. நெஞ்சு ஒரு அடி தவறியது, பிறகு இன்னொரு அடி, பிறகு இருட்டில் படி தெரியாமல் கால் வைக்கிறவளைப் போலத் தடவித் தடவி நடந்தது. அவள் அழுவது எங்களுக்குள் தண்ணீர் புகுவதைப் போல இருந்தது. தெருவில் நிறையப் பேர் அன்றைக்கு அழுதார்கள். எல்லாம் அவளுடைய அழுகை என்று சொல்லிவிட முடியாது.

விடிந்ததும் அவள் மஞ்சள் பையில் ஒரு மாற்றுச்சேலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கென்று இறங்கினாள். உச்சிமாகாளி பின்னால் வந்தான். தெரு முனையில் நாங்கள் நின்றோம், கையோடு கை கோர்த்து, குறுக்கே.

"முப்பிடாதி, உன் காலுல விழுதேன். நீ போனா நாங்க அத்தன பேரும் அணைஞ்சுருவோம்" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு மட்டும் பயமில்லன்னா நினைச்சீய?" என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்க எல்லாத்தயும் நெஞ்சுல தூக்கிக்கிட்டுல்லா தூங்காம உக்காந்திருக்கேன். எங்க அக்கா மூஞ்சியக் கடைசியா ஒருக்காப் பாக்கவிடல. இப்படியே வச்சிருந்தா நான் செத்துருவேன் அண்ணாச்சி. நான் சாவுத அன்னைக்கு நீங்க இருப்பீயளா?"

யாரும் விலகவில்லை. அவள் எங்களை நோக்கி நடந்தாள். நாங்கள் கையை இறுக்கினோம், எங்கள் இறுக்கத்தைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு பறந்தது, அதே பறப்பு எங்களுக்கும் வந்தது, கண் இருட்டியது, கால் துவண்டது. மறித்து நின்ற அத்தனை பேரும் ஒவ்வொருவராக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவளைத் தடுக்கிற பலத்தையும் அவள் நெஞ்சுதான் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தவர்களுக்கு நடுவே சேலையை ஒதுக்கிக்கொண்டு, யார் கையையும் மிதித்துவிடாமல், அவள் புருஷன் தோளைப் பிடித்து ஆட்டோவுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அடுப்பை அணைத்தோம். விழுந்தால் அடிபடக்கூடாது என்று தெருவிலேயே பாயை விரித்துப் படுத்தோம். சிலர் நல்ல துணி உடுத்திக்கொண்டார்கள். வருஷக்கணக்காகப் பேசாத அண்ணன் தம்பி பக்கத்துப் பக்கத்தில் படுத்து, கையைப் பிடித்துக்கொண்டார்கள். சண்முகக்கனி வயிற்றை இரண்டு கைகளாலும் அணைத்தபடி ஒருக்களித்துக் கிடந்தாள். வெயில் ஏறியது. நெஞ்சு ஓடிக்கொண்டே இருந்தது. அதன் ஒவ்வொரு அடியும் கடைசி அடியாக இருக்கலாம் என்று கேட்டுக்கொண்டே கிடந்தோம். கொஞ்ச நேரத்தில் அது லேசாகத் தணிந்தது. மயக்கம் கொடுத்துவிட்டார்கள் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பிறகு நின்றது.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது. காதுக்குள் இத்தனை காலமாக ஓடிய ஒரு சத்தம் இல்லாமல் போனதும்தான் அது இருந்ததே தெரிந்தது. வேப்பமரத்தில் காக்காய் கரைந்தது. எங்கேயோ குழாய் சொட்டியது. அத்தனை பேரும் கண்ணைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தோம், உயிரோடு இருக்கிறோமா என்று கேட்கக்கூடப் பயமாக இருந்தது.

அப்புறம் ஒரு நெஞ்சு இடித்தது. முதலில் இடித்தது யாருடையது என்பதில் இன்றைக்கு வரைக்கும் தெருவில் சண்டை இருக்கிறது. ஒன்று மெதுவாக, இன்னொன்று அவசரமாக, அதோ ஒன்று நடுவில், தகரக்கூரையில் முதல் மழைத்துளிகள் விழுகிற மாதிரி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், ஆளுக்கொரு வேகத்தில், அவரவர் பயத்துக்கு அவரவர் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. சண்முகக்கனி எழுந்து உட்கார்ந்து, "உள்ள உதைக்கான்!" என்று கத்தினாள். நாங்கள் சிரித்தோம், ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தோம், கட்டிப்பிடித்தபோது பக்கத்து நெஞ்சு நம்முடையதோடு ஒத்துப்போகாமல் இடித்தது. அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை என்று நினைத்தோம்.

சிரிப்பை முதலில் நிறுத்தியவர் ஆதிலிங்கம் அண்ணாச்சி. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"அவளுக்கு?" என்றார்.

எல்லோரும் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தோம். எங்களுடையதுதான் அடித்தது. அவளுடையது அடிக்கிறதா இல்லையா என்று சொல்ல எங்களிடம் ஒன்றுமே இல்லை. இத்தனை நாளும் அவள் தும்மினால் தெரிந்த எங்களுக்கு அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியவில்லை. உச்சிமாகாளிக்குப் போன் போட்டோம், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டோம். அப்போது வந்த பயம் வேறு மாதிரி இருந்தது. அது யாரிடமிருந்தும் வந்து இடிக்கவில்லை, அவரவர் நெஞ்சிலேயே பிறந்து அவரவரை உலுக்கியது. ஆம்பளைகள் வேனை எடுக்க ஓடினார்கள், சாவி யாரிடம் என்று தெரியாமல் கத்தினார்கள்.

அண்ணாச்சியின் போன் அடித்தது. அவர் எடுப்பதற்குள் சண்முகக்கனி பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். மயக்கம் தெளியாத ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"எல்லாரும் இருக்கீயளா?"

தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் கத்தியது, ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள் முப்பிடாதி. அவளுக்கும் நாங்கள் இருக்கிறோமா என்று தெரியவில்லை.

"இருக்கேன் மைனி" என்றாள் சண்முகக்கனி. "பிள்ளையும் இருக்கு." போன் கை மாறியது. இருக்கேன் மைனி, இருக்கேன் மைனி என்று ஒவ்வொரு வாயாகப் போய்க்கொண்டே இருந்தது, சிலர் அழுதுகொண்டு சொன்னார்கள், சிலர் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். கடைசியில் ஆதிலிங்கம் அண்ணாச்சியிடம் வந்து நின்றது. அவர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை.

"அண்ணாச்சி?" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "அண்ணாச்சி இருக்காவளா? ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கீய?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. அது எங்கள் யார் நெஞ்சிலும் வந்து இடிக்கவில்லை, காதால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அண்ணாச்சி போனை இரண்டு கைகளாலும் பிடித்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"இருக்கேம்மா," என்றார். "உங்க அக்கா போயிட்டாம்மா. நான்தான் உங்கிட்டச் சொல்ல விடல."